மோடல் திறந்திருக்கும்போது பின்னால் இருக்கும் பக்கம் ஓடுகிறது, ஒவ்வொரு பிரவுசரிலும் ஒவ்வொரு விதம். எப்படி நிறுத்துவது?

தறிக்காரன்

வணக்கம் நண்பர்களே. ஒரு புடவைக் கடைக்கு இணையதளம் செய்து கொடுக்கிறேன். பட்டியல் பக்கம் நல்ல நீளம், கீழே போகப் போகப் புதுப் புடவைகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு படத்தைத் தட்டினால் மோடல், அதாவது பக்கத்துக்கு மேலே வரும் பெட்டி, திறக்கும். அதில் பெரிய படம், விலை, துணி விவரம், துவைக்கும் முறை, கடைசியில் பின்கோடு போட்டு டெலிவரி உண்டா என்று பார்க்கிற பெட்டி. லைப்ரரி எதையும் சேர்க்காமல் எச்டிஎம்எல்லின் டயலாக் டேக்கையே வைத்து, அதன் ஷோமோடல் என்ற கட்டளை மூலம் திறக்கிறேன். எஸ்கேப் கீ, ஃபோகஸ், பின்னணி மங்கல் எல்லாவற்றையும் பிரவுசரே பார்த்துக்கொள்கிறது, அதில் எனக்குக் குறையே இல்லை.

ஸ்க்ரோல்தான் பாடாய்ப் படுத்துகிறது. குரோமில் மோடலுக்குள் கடைசி வரி வரை உருட்டிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி சக்கரத்தை உருட்டினால் பின்னால் இருக்கிற பட்டியல் ஓட ஆரம்பிக்கிறது. மங்கலான பகுதியில் மவுஸை வைத்து உருட்டினால் கேட்கவே வேண்டாம், நேராகப் பட்டியல்தான் ஓடும். மோடலை மூடிப் பார்த்தால் வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருந்த புடவை எங்கேயோ போயிருக்கிறது, அவர் மறுபடி தேட வேண்டும்.

இதை நிறுத்த எச்டிஎம்எல், பாடி இரண்டுக்கும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (மிஞ்சுவதை மறை, உருட்டவிடாதே) என்று ஒரு கிளாஸில் எழுதி, மோடல் திறக்கும்போது சேர்த்து மூடும்போது எடுத்துவிடுகிறேன். இப்போது நிலவரம் இப்படி இருக்கிறது. விண்டோஸ் குரோமில் மோடல் திறந்ததும் பக்கம் சட்டென்று உச்சிக்குப் போய்விடுகிறது, கூடவே மொத்தப் பக்கமும் வலப்பக்கமாக ஒரு துளி நகர்கிறது. மேக்கில் உச்சிக்குப் போகிறது, ஆனால் அந்த வலப்பக்க நகர்வு இல்லை. மேலே ஒட்டி நிற்க வேண்டிய ஃபில்டர் பட்டை, ஸ்டிக்கி போட்டது, மோடல் திறந்தவுடன் காணாமல் போகிறது. ஐஃபோனில் ஒன்றில் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் வேலை செய்கிறது, இன்னொன்றில் இருப்பதே தெரியாத மாதிரி விரலால் இழுத்தால் பட்டியல் ஓடுகிறது. ஒரே சிஎஸ்எஸ், இத்தனை விதம்.

மோடல் என்றாலே பின்னால் இருப்பதைத் தொட முடியாது என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் ஸ்க்ரோலை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்? ஸ்டாண்டர்டில் இதற்கு ஏதாவது சொல்லியிருக்கிறதா, இல்லை அவரவர் இஷ்டமா? ஜாவாஸ்கிரிப்ட் குறைவாக வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் நிற்கிற மாதிரி ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

ஸ்டாண்டர்டில் இல்லை என்பதுதான் நேரான பதில், மற்ற குழப்பமெல்லாம் அதிலிருந்து கிளம்புவதுதான்.

ஷோமோடல் கூப்பிட்டதும் இரண்டு காரியம் நடக்கிறது. டயலாக் டாப் லேயருக்குப் போகிறது, அதாவது இசட் இண்டெக்ஸ் (எது மேலே என்ற வரிசை எண்) எவ்வளவு இருந்தாலும் அதற்கு மேலே யாரும் வர முடியாது. மீதி ஆவணம் முழுக்க இனெர்ட் ஆகிறது. இனெர்ட் ஆன பகுதியில் கிளிக் போகாது, ஃபோகஸ் போகாது, எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஸ்க்ரீன் ரீடரும் அதைப் படிக்காது. ஆனால் பக்கத்தின் ஸ்க்ரோல் எந்த எலிமெண்டுக்கும் சொந்தமானது இல்லை. அது வியூபோர்ட்டுக்கு, அதாவது பக்கம் தெரியும் ஜன்னல் பகுதிக்கு, சொந்தம். எலிமெண்ட்கள் எல்லாவற்றையும் முடக்கினாலும் வியூபோர்ட் முடங்குவதில்லை. மோடல் திறந்தால் வியூபோர்ட் ஸ்க்ரோலைப் பூட்டு என்று எச்டிஎம்எல் ஸ்டாண்டர்டில் வரி கிடையாது, அதனால் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும் அதை நம்மிடமே விட்டிருக்கின்றன. டயலாக் குரோமில் 2014-லேயே 37-ஆம் பதிப்பில் வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸ் 98, சஃபாரி 15.4 இரண்டிலும் 2022 மார்ச்சில் வந்தது. இத்தனை ஆண்டு கழித்தும் ஸ்க்ரோலை நாமேதான் பூட்ட வேண்டியிருக்கிறது என்பது எனக்கும் வருத்தம்தான்.

சரி, உங்கள் பக்கம் உச்சிக்குப் போவதற்கு வருகிறேன். இதில் பிரவுசர்களின் குற்றம் எதுவும் இல்லை, எல்லாம் ஸ்டாண்டர்டில் சொன்னபடிதான் நடக்கின்றன. ஓவர்ஃப்ளோவுக்கு ஒரு தனி விதி உண்டு. எச்டிஎம்எல் எலிமெண்டின் ஓவர்ஃப்ளோ விசிபிள் ஆக இருந்தால், பாடிக்கு நீங்கள் கொடுத்த மதிப்பை பிரவுசர் எடுத்து வியூபோர்ட்டுக்குக் கொடுத்துவிடும், பாடி பழையபடி விசிபிள் ஆகவே இருக்கும். ஆனால் எச்டிஎம்எல்லுக்கே ஹிட்டன் கொடுத்தால் அதுதான் வியூபோர்ட்டுக்குப் போகும், பாடிக்குக் கொடுத்தது பாடியிலேயே தங்கிவிடும். இரண்டுக்கும் கொடுத்தீர்கள் அல்லவா, அப்போது பாடி தனியாக ஒரு ஸ்க்ரோல் பெட்டி ஆகிவிடுகிறது. உங்கள் ரீசெட் சிஎஸ்எஸ்ஸில் (பிரவுசரின் இயல்பான ஸ்டைலை மாற்றும் பகுதி) எச்டிஎம்எல், பாடி இரண்டுக்கும் ஹைட் 100% இருக்கும் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் பாடியின் உயரம் திரை உயரத்தோடு நின்றுவிடும், மிச்சப் பட்டியல் வெட்டுப்பட்டுவிடும், வியூபோர்ட்டுக்கு ஸ்க்ரோல் செய்ய எதுவுமே மிஞ்சாது. ஸ்க்ரோல் செய்ய இடமில்லாதபோது நிலை பூஜ்ஜியத்துக்குத்தான் வரும். கிளாஸை எடுத்ததும் பழைய நிலை தானாகத் திரும்பாது, பிரவுசர் அதை எங்கும் குறித்து வைப்பதில்லை.

ஸ்டிக்கி பட்டை காணாமல் போவதும் இதே காரணம். ஸ்டிக்கி தனக்கு மிக அருகில் இருக்கும் ஸ்க்ரோல் பெட்டியைப் பார்த்துத்தான் ஒட்டும். பாடியே ஸ்க்ரோல் பெட்டி ஆகிவிட்டால் அது பாடியைப் பார்த்து ஒட்டப் பார்க்கும், பாடியோ நகரவே இல்லை.

ஆகவே எச்டிஎம்எல்லுக்கு மட்டும் கொடுங்கள், பாடியைத் தொடாதீர்கள். ஹைட் 100% என்பதை மின்ஹைட் ஆக மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் கிளாஸ் சேர்க்கும் வேலையும் தேவையில்லை. எச்டிஎம்எல் செலக்டரோடு ஹேஸ் (உள்ளே இது இருந்தால் என்ற நிபந்தனை) போட்டு அடைப்புக்குள் டயலாக், கோலன், மோடல் என்று எழுதி அதற்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் கொடுத்தால் போதும். ஓபன் ஆட்ரிப்யூட்டைப் பார்ப்பதைவிட கோலன் போட்ட அந்த மோடல் சூடோ கிளாஸைப் (எலிமெண்டின் நிலையைக் குறிக்கும் சொல்) பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஷோ என்று சாதாரணமாகத் திறந்த டயலாகுக்கும் ஓபன் இருக்கும், அதற்குப் பக்கத்தைப் பூட்ட வேண்டியதில்லை. எஸ்கேப் அழுத்தினாலும் பட்டனால் மூடினாலும் ஸ்க்ரிப்டில் மூடினாலும் பூட்டு தானாகத் திறந்துவிடும், எங்கோ ஒரு வழியில் கிளாஸை எடுக்கத் தவறிப் பக்கம் உறைந்து நிற்கும் கதையே வராது. ஹேஸ் சஃபாரி 15.4-இலும் குரோம் 105-இலும் ஃபயர்பாக்ஸ் 121-இலும் வந்தது. ஃபயர்பாக்ஸ்தான் கடைசி, 2023 டிசம்பர்.

இன்னொன்று, ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியர் கண்டெய்ன் என்பதை டயலாகுக்குக் கொடுத்தால் போதும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நல்ல ப்ராபர்ட்டிதான், கொடுங்கள். உள்ளே ஸ்க்ரோல் முடிந்ததும் வெளியே தாவுவதை அது தடுக்கும். ஆனால் வெகுகாலம் பிரவுசர்களில் அது உள்ளே ஸ்க்ரோல் செய்ய உண்மையிலேயே ஏதாவது இருந்தால்தான் செயல்பட்டது. விவரம் குறைவான ஒரு புடவை, மோடல் திரைக்குள் அடங்கிவிட்டது என்றால் தடுக்க ஆளில்லை, பட்டியல் ஓடும். மங்கல் பகுதியில் உருட்டுவதற்கும் அது காவல் இல்லை. எனவே அதை மட்டும் நம்பி எச்டிஎம்எல் பூட்டை விட்டுவிட வேண்டாம்.

வெண்பலகை

மேலே சொன்னதோடு அந்த வலப்பக்க நகர்வையும் சேர்த்துப் பேசிவிடலாம். இது பிரவுசர் வித்தியாசம் மாதிரி தெரியும், பெரும்பாலும் ஆபரேட்டிங் சிஸ்டம் வித்தியாசம்தான். விண்டோஸில் வழக்கமான ஸ்க்ரோல்பார் 15 முதல் 17 பிக்சல் வரை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓவர்ஃப்ளோ ஹிட்டன் ஆனதும் அது போய்விடும், பக்கம் அத்தனை பிக்சல் அகலமாகும், நடுவில் வைத்ததெல்லாம் அதில் பாதி தூரம் வலப்பக்கம் போகும். மேக்கில் டிராக்பேட் மட்டும் இருந்தால் ஸ்க்ரோல்பார் பக்கத்துக்கு மேல் மிதக்கும், இடம் பிடிக்காது. அதே மேக்கில் ஒரு சாதாரண மவுஸைச் செருகுங்கள், அல்லது செட்டிங்ஸில் ஸ்க்ரோல்பாரை எப்போதும் காட்டு என்று வையுங்கள், உங்கள் பக்கம் அங்கேயும் நகரும். விண்டோஸ் 11-இல் ஃபயர்பாக்ஸ் 100-இலிருந்து மிதக்கும் ஸ்க்ரோல்பார்தான் இயல்பு. அதனால் எந்த பிரவுசர் என்று பார்த்து முடிவெடுக்கும் ஸ்க்ரிப்ட் எழுதினால் அது தப்பாகவே போகும்.

இதற்கு நேரான மருந்து ஸ்க்ரோல்பார் கட்டர் ஸ்டேபிள். ஸ்க்ரோல்பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் இடத்தை பிரவுசர் ஒதுக்கியே வைத்திருக்கும். குரோம் 94, ஃபயர்பாக்ஸ் 97, சஃபாரி 18.2 ஆகியவற்றிலிருந்து உண்டு. இரண்டு விஷயம் கவனியுங்கள். இதை எச்டிஎம்எல் எலிமெண்டில்தான் போட வேண்டும். ஓவர்ஃப்ளோ மாதிரி பாடியில் போட்டதை வியூபோர்ட்டுக்கு எடுத்துச் செல்லும் பழக்கம் இதற்கு இல்லை. அப்புறம், மோடல் திறக்கும்போது மட்டும் போடாமல் எப்போதும் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரோல்பாரே இல்லாத குட்டிப் பக்கத்தில் மோடல் திறக்கும்போது புதிதாக ஓர் இடைவெளி முளைத்து, பக்கம் இந்தமுறை இடப்பக்கம் நகரும்.

ஒரு குறை இருக்கிறது. மோடல் திறந்திருக்கும்போது அந்த ஒதுக்கிய பட்டைமீது பின்னணி மங்கல் படியாது. வெள்ளைப் பக்கமாக இருந்தால் வலது ஓரத்தில் வெளுப்பாக ஒரு கோடு தெரியும். பூட்டியிருக்கும் நேரத்தில் எச்டிஎம்எல்லின் பின்னணி நிறத்தைக் கொஞ்சம் கருப்பாக்கினால் கண்ணை உறுத்தாது. பாடிக்குத் தனியாகப் பின்னணி நிறம் இருக்கட்டும், அப்போது பக்கத்தின் நிறம் மாறாது.

அது பிடிக்கவில்லை என்றால் பழைய வழி. ஜன்னலின் இன்னர் வித்திலிருந்து டாகுமெண்ட் எலிமெண்டின் கிளையண்ட் வித்தைக் கழித்தால் ஸ்க்ரோல்பாரின் அகலம் வரும், பூட்டுவதற்கு முன்னால் அதை அளந்து பாடிக்கு வலப்பக்கப் பேடிங் ஆகக் கொடுப்பது. பூட்ஸ்ட்ராப் இப்படித்தான் செய்கிறது. ஆனால் ஃபிக்ஸட் ஆக ஒட்டியிருக்கும் ஹெடர், மூலையில் மிதக்கும் வாட்ஸ்அப் பட்டன் எல்லாம் பாடியின் பேடிங்குக்குக் கட்டுப்படாது, அவை மட்டும் தனியாகக் குதிக்கும். பூட்ஸ்ட்ராப் கூடத் தன்னுடைய ஃபிக்ஸட், ஸ்டிக்கி கிளாஸ்களைத் தேடிப் பிடித்துத் தனித்தனியாகப் பேடிங் போட்டுத்தான் சமாளிக்கிறது. எனக்கு இந்த விரட்டல் பிடிப்பதில்லை, கட்டர் வழியையே சொல்வேன்.

தறிக்காரன்

நொய்யல்கரை, ரீசெட்டில் ஹைட் 100% இருந்தது உண்மைதான். எடுத்துவிட்டு எச்டிஎம்எல்லுக்கு மட்டும் ஹிட்டன் கொடுத்ததும் உச்சிக்குப் போவது நின்றது, ஃபில்டர் பட்டையும் இடத்திலேயே நிற்கிறது. வெண்பலகை சொன்ன கட்டரும் போட்டேன், விண்டோஸில் ஒரு பிக்சல் கூட அசையவில்லை. இருவருக்கும் நன்றி.

ஐஃபோன் மட்டும் மிச்சம். கடை உரிமையாளர் வைத்திருப்பது ஐஃபோன் 7. அதில் ஐஓஎஸ் 15-க்கு மேல் ஏற்ற முடியாது. பூட்டைச் சட்டை செய்யாமல் பட்டியல் ஓடுகிறது. அதிலேயே குரோம் நிறுவிப் பார்த்தாலும் அதே கதை. அவர் தன் ஃபோனில்தான் பார்ப்பார், அதில் சரியாக வந்தால்தான் தளம் முடிந்தது என்று ஒப்புக்கொள்வார். பாடியை ஃபிக்ஸட் ஆக்கு என்று தேடும் இடமெல்லாம் சொல்கிறார்கள், அதைச் செய்யலாமா?

பிக்சல்பித்தன்

ஐஃபோனில் குரோம் என்று ஐகான் இருந்தாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் இன்ஜினான வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐஓஎஸ் 17.4-இலிருந்தும் ஜப்பானில் ஐஓஎஸ் 26.2-இலிருந்தும் வேறு இன்ஜினுக்கு அனுமதி உண்டு, மற்ற நாடுகளில் ஆப்பிள் விடுவதில்லை. எனவே பிரவுசர் மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை.

ஐஓஎஸ் 15 வரை வியூபோர்ட்டின் ஓவர்ஃப்ளோ ஹிட்டனை விரல் ஸ்க்ரோல் மதிப்பதில்லை. 16-இல் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள், கீபோர்டு மேலே வந்திருக்கும்போது மட்டும் இன்னும் நழுவலாம். உங்களிடம் ஒரு ஃபோனில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாததற்கு இதுதான் காரணம்.

பாடியை ஃபிக்ஸட் ஆக்கும் வழி பழைய ஐஃபோனில் கட்டாயம் வேலை செய்யும். மோடல் திறக்குமுன் ஸ்க்ரோல் ஒய் (பக்கம் எவ்வளவு கீழே உருண்டிருக்கிறது) என்ன என்று குறித்துக்கொண்டு, பாடிக்குப் பொசிஷன் ஃபிக்ஸட், டாப் மைனஸ் அத்தனை பிக்சல், வித் 100% கொடுப்பது. மூடும்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஸ்க்ரோல்டூ மூலம் பழைய இடத்துக்குப் போவது. கண்ணுக்குப் பக்கம் அசையாத மாதிரி இருக்கும், ஆனால் பிரவுசர் கணக்கில் ஸ்க்ரோல் பூஜ்ஜியம் ஆகிவிட்டது. இதிலிருந்து வரும் தொல்லைகள் ஏராளம். ஸ்க்ரோல் ஈவண்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஸ்க்ரிப்ட் எல்லாம், மேலே போ பட்டனைக் காட்டுவது, ஹெடரைச் சுருக்குவது, அடுத்த புடவைகளை ஏற்றுவது, எல்லாம் பக்கம் உச்சிக்கு வந்துவிட்டது என்று நம்பி ஓடும். உங்கள் ஸ்டிக்கி பட்டை மறுபடி போய்விடும். ஸ்க்ரோல் பிஹேவியர் ஸ்மூத் என்று எச்டிஎம்எல்லில் போட்டிருந்தால் மோடலை மூடியதும் பக்கம் உச்சியிலிருந்து பழைய இடம் வரை வழுக்கிக்கொண்டு வரும், பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். ஸ்க்ரோல்டூவில் பிஹேவியர் இன்ஸ்டண்ட் என்று கொடுத்தால் அது நிற்கும்.

இத்தனையும் தேவையில்லாத குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் புதிய ஐஃபோனிலும் போய் ஏன் செய்ய வேண்டும்? பழைய ஐஃபோனுக்கு மட்டும் செய்யுங்கள். அதைக் கண்டுபிடிக்க யூசர் ஏஜெண்டை (பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயர் வரி) குடைய வேண்டாம். ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியர் குரோமில் 63, ஃபயர்பாக்ஸில் 59 என்று முன்பே வந்துவிட்டது, சஃபாரியில் 16-இல்தான் வந்தது. அதே 16-இல்தான் விரல் ஸ்க்ரோலும் ஹிட்டனை மதிக்கத் தொடங்கியது. ஆகவே சிஎஸ்எஸ் சப்போர்ட்ஸ் மூலம் ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியர் கண்டெய்ன் தெரியுமா என்று கேளுங்கள், தெரியாது என்றால் மட்டும் பாடியை ஃபிக்ஸட் ஆக்குங்கள். நான் செய்கிற தளங்களில் இப்படித்தான் வைத்திருக்கிறேன், பழைய ஃபோன்கள் ஒழிந்ததும் அந்த ஒரு பகுதியை அழித்தால் போதும். ஐஃபோன் 7-இல் 15.6 அல்லது அதற்கு மேல் அப்டேட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், மோடல் சூடோ கிளாஸ் அதில்தான் வந்தது. இல்லாவிட்டால் நொய்யல்கரை சொன்ன செலக்டர் அந்த ஃபோனுக்குப் புரியாது.

டச்மூவ் ஈவண்டைப் பிடித்து ப்ரிவெண்ட் டிஃபால்ட் (இயல்பான செயலைத் தடு) கொடுப்பது என்று இன்னொரு வழியும் கண்ணில் படும். டாகுமெண்டில் மாட்டிய டச்மூவ் லிசனரைக் குரோம் 56-இலிருந்து, ஐஓஎஸ் சஃபாரி 11.3-இலிருந்து பாசிவ் (ஸ்க்ரோலைத் தடுக்காது) என்றே எடுத்துக்கொள்கின்றன. பாசிவ் ஃபால்ஸ் என்று நாமே எழுதிச் சொன்னால் ஒழிய ப்ரிவெண்ட் டிஃபால்ட்டுக்கு மதிப்பில்லை. மவுஸ் சக்கரத்துக்கும் குரோம் 73-இலிருந்து அதே சட்டம். எழுதிச் சொன்னாலும் மோடலுக்குள் இருக்கும் ஸ்க்ரோலும் சேர்ந்து நிற்கும், இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் நிற்கும். புடவைக் கடையில் ஜரிகையைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாவிட்டால் எதற்கு அந்தப் படம்? இந்த வழியே வேண்டாம்.

மாடிமைனா

ஸ்க்ரோல் பூட்டோடு ஃபோகஸையும் பார்த்துவிடுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஷோமோடல் திறந்ததும் டயலாகுக்குள் ஃபோகஸ் வாங்கக்கூடிய முதல் எலிமெண்டுக்கு ஃபோகஸ் போகும். உங்கள் மோடலில் மேலே படமும் எழுத்தும், முதல் ஃபோகஸ் இடம் கடைசியில் இருக்கிற பின்கோடு பெட்டி என்றால், மோடல் திறந்த நிமிடமே உள்ளே கடைசி வரை ஓடி நிற்கும். ஃபோனில் சில சமயம் கீபோர்டும் எழும்பிவிடும். மூடும் பட்டனை எச்டிஎம்எல்லில் முதலில் வையுங்கள், அல்லது தலைப்புக்கு டேப் இண்டெக்ஸ் மைனஸ் ஒன்றும் ஆட்டோஃபோகஸும் கொடுங்கள்.

மூடும்போது ஃபோகஸ் பழைய பட்டனுக்குத் தானாகத் திரும்பும். அந்த இடத்தில் வியூபோர்ட்டை நகர்த்தக் கூடாது என்று ஸ்டாண்டர்டிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஆனால் முன்பு லைப்ரரி வைத்திருந்த காலத்தில் எழுதிய ஃபோகஸ் திருப்பும் ஸ்க்ரிப்ட் இன்னும் உள்ளே கிடந்தால், அது தனியாக ஃபோகஸ் கூப்பிட்டுப் பக்கத்தை இழுக்கும். ஓவர்ஃப்ளோ ஹிட்டன் மனிதர் உருட்டுவதைத்தான் தடுக்கும், ஸ்க்ரிப்ட் நகர்த்துவதைத் தடுக்காது. அந்த ஸ்க்ரிப்டை எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் ப்ரிவெண்ட் ஸ்க்ரோல் ட்ரூ என்று சேர்த்துக் கூப்பிடுங்கள். சஃபாரி 15-இலிருந்து அதற்கும் தெரியும்.

அப்புறம் மோடலைத் திறப்பது பட்டனா, இல்லை ஹேஷ் குறி மட்டும் போட்ட லிங்க்கா? லிங்க் என்றால் கிளிக் செய்ததும் பக்கம் உச்சிக்குப் போவது லிங்க்கின் இயல்பு, மோடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டன் டேக் போடுங்கள்.

எட்டாம்படி

எல்லாரும் பூட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், பூட்டினால் உள்ளே மாட்டிக்கொள்கிறவர்களையும் நினைக்க வேண்டும். பிரவுசர் தன் ஸ்டைல்ஷீட்டில் மோடல் டயலாகுக்கு அதிகபட்ச உயரம் திரையைவிடச் சற்றுக் குறைவாகவும் ஓவர்ஃப்ளோ ஆட்டோவாகவும் வைத்துத்தான் தருகிறது. மூடும் குறியை ஓரத்துக்கு வெளியே தொங்கவிட வேண்டும் என்பதற்காகப் பலர் அந்த ஓவர்ஃப்ளோவை விசிபிள் ஆக்குகிறார்கள், மேக்ஸ் ஹைட்டையும் எடுத்துவிடுகிறார்கள். டிசைனர் பெரிய திரையில் பார்க்கும்போது அழகாக இருக்கும். பார்வை மங்கியவர் 400% பெரிதாக்கிப் பார்க்கும்போது 1280 பிக்சல் அகலத் திரை 320 பிக்சல் ஆகிவிடுகிறது, உயரமும் அதே விகிதத்தில் குறைகிறது, வாங்கும் பட்டன் திரைக்குக் கீழே போய்விடுகிறது. டயலாகும் ஓடாது, பக்கமும் பூட்டியிருக்கிறது, அவர் என்ன செய்வார்? மோடலுக்குள் ஸ்க்ரோல் உறுதியாக வேலை செய்யும் என்றால்தான் வெளியே பூட்ட வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. உங்கள் பக்கத்தை 400%-க்குப் பெரிதாக்கி, கீபோர்டு மட்டும் வைத்து, கடைசி பட்டன் வரை போய்ப் பாருங்கள்.

உயரத்துக்கு 100 விஎச் போட்டிருந்தால் டிவிஎச் (அந்தந்த நேரத்தில் தெரியும் உயரம்) ஆக மாற்றுங்கள். ஃபோனில் விஎச் என்பது முகவரிப் பட்டை சுருங்கிய பிறகு இருக்கும் உயரம், பட்டை விரிந்திருக்கும்போது மோடலின் அடிப்பகுதி அதற்குள் ஒளிந்துகொள்ளும். சஃபாரி 15.4, ஃபயர்பாக்ஸ் 101, குரோம் 108 முதல் டிவிஎச் இருக்கிறது, அந்த ஐஃபோன் 7-இலும் வரும்.

தறிக்காரன்

பழைய ஐஃபோனில் பிக்சல்பித்தன் சொன்னபடி செய்தேன், பட்டியல் நின்றுவிட்டது. மூடும் பட்டனை முதலில் வைத்துவிட்டேன், திறக்க பட்டன் டேக்தான் வைத்திருக்கிறேன். 400%-இல் மோடல் உள்ளே நன்றாக ஓடுகிறது, ஓவர்ஃப்ளோவை நான் தொடவில்லை.

ஒரே ஒரு கேள்வி. பின்கோடு பெட்டியைத் தொட்டால் கீபோர்டு வந்து மோடலின் கீழ்ப் பாதியை மூடிக்கொள்கிறது. ஐஃபோனில் பக்கமே கொஞ்சம் மேலே தள்ளப்படுகிறது, பெரிதாகவும் ஆகிறது. டிவிஎச் இருந்தும் ஏன்?

எட்டாம்படி

டிவிஎச் முகவரிப் பட்டைக்குத்தான் கட்டுப்படும், கீபோர்டுக்கு இல்லை. ஐஃபோனில் கீபோர்டு வந்தால் லேஅவுட் வியூபோர்ட் (பக்கத்தை அடுக்கக் கணக்கிடும் பரப்பு) அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியும் விஷுவல் வியூபோர்ட் மட்டும் சுருங்கும். தட்டச்சு செய்யும் பெட்டி தெரிய வேண்டும் என்று சஃபாரி தானாகவே மேலே தள்ளுகிறது, உங்கள் பூட்டு அதைக் கட்டுப்படுத்தாது. ஆண்ட்ராய்டு குரோமில் 107 வரை கீபோர்டுக்கேற்ப லேஅவுட்டும் சுருங்கியது, 2022-இல் வந்த 108-இலிருந்து அதுவும் ஐஃபோன் வழிக்கு மாறிவிட்டது. பழைய நடத்தை வேண்டுமானால் வியூபோர்ட் மெட்டா டேக்கில் இண்டராக்டிவ் விட்ஜெட் என்பதற்கு ரீசைசஸ் கண்டெண்ட் கொடுக்கலாம். குரோமும் ஃபயர்பாக்ஸும் கேட்கும், சஃபாரி கேட்காது.

பெரிதாவது வேறு காரணம். பெட்டிக்குள் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐஃபோன் தானாகப் பெரிதாக்கும். 16 ஆக்குங்கள், நின்றுவிடும். அதற்காக மெட்டா டேக்கில் யூசர் ஸ்கேலபிள் நோ போட்டுப் பெரிதாக்குவதையே தடை செய்யாதீர்கள்.

கீபோர்டு மோடலை மறைப்பதைச் சமாளிக்க விஷுவல் வியூபோர்ட் ஏபிஐ மூலம் உயரத்தை அளந்து டயலாகின் மேக்ஸ் ஹைட்டை மாற்றிக்கொண்டே இருக்கலாம், ரீசைஸ் ஈவண்டைக் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தப் பின்கோடு பெட்டியை விலைக்குப் பக்கத்தில், மேலே கொண்டுவந்தால் கீபோர்டு வந்தாலும் அது தெரிகிற இடத்திலேயே இருக்கும், ஸ்க்ரிப்டே வேண்டாம். டெலிவரி உண்டா என்பதைத் துவைக்கும் முறைக்கு முன்னால்தானே வாங்குகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவார்.

சோதிக்கும்போது டெவ்டூல்ஸின் மொபைல் காட்சியை நம்ப வேண்டாம், அதில் கீபோர்டே வராது. அந்த ஐஃபோன் 7-ஐ ஒரு மேக்கோடு கேபிளில் இணைத்தால் சஃபாரியின் டெவலப் மெனுவில் அந்த ஃபோனின் பக்கம் திறக்கும், பெட்டியைத் தொட்டுவிட்டு விஷுவல் வியூபோர்ட்டின் ஹைட், ஆஃப்செட் டாப் இரண்டையும் கன்சோலில் பார்த்தால் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்துவிடும்.